வீட்டிலை ஒரு ஆள் கூட

எங்கடை ரோட்டு மூலையிலை ஒரு ஆமி ஜீப் நிக்கும். இத்தாலியிலை, இந்தப் பலேர்மோவிலை அது ஒரு புதினமில்லை. மூலைவீட்டு மாடியிலை ஒரு நீதவான் இருக்கிறாராம், மாஃபியாக்காரரை உள்ளை தள்ளினவராம், அவருக்குக் காவலாம். ரெண்டு பெடியள் துவக்கோடை நிப்பாங்கள். பொழுது போகாட்டிப் போனை நோண்டுவாங்கள், எதிர்த்த பாரிலை கோப்பி வாங்கிக் குடிப்பாங்கள், வடிவான பெட்டையள் போனால் கழுத்துச் சுளுக்குமட்டும் திரும்பிப் பாப்பாங்கள். எங்கடை சீசாப் பகுதியிலை இருக்கிற சனத்துக்கு அவங்கள் நிக்கிறதும் தெரியாது, போறதும் தெரியாது. நானும் அப்பிடித்தான் இருந்தன், மாமி வந்து சேருமட்டும்.

மாமி எண்டது என்ரை மனுசன் சாந்தரூபன்ரை தாய். தங்கேஸ்வரி எண்டு பேர். இரண்டாயிரத்துப் பதின்மூண்டு ஆவணியிலை வன்னியிலை இருந்து வந்தவ. மாமா செத்துப்போனார். என்ரை மனுசன்ரை தம்பி நிமலரூபன் காணாமல் போனவன். அங்கை வேறை பிள்ளை இல்லையெண்டு எழுதிக் குடுத்தால்தான் தாயைக் கூப்பிடலாம் எண்டு இஞ்சத்தைச் சட்டம். காணாமல் போன பிள்ளையை இல்லையெண்டு ஒப்பம் வச்சிட்டுத்தான் மனுசி பிளேன் ஏறினவ. அதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் கதைச்சதில்லை. கதைக்க ஆருக்குத் துணிவிருக்கு?

வந்த அடுத்தநாள் மாமியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டன். மூலையிலை ஜீப்பைக் கண்டாவோ இல்லையோ, செருப்பு ரெண்டையும் கழட்டிக் கையிலை எடுத்திட்டா.

"என்ன மாமி செய்யிறியள்?"

"சத்தம் போடாமல் நட பிள்ளை. அங்கை பாராதை."

நாய்ப்பீயும் சிகரெட் கட்டையும் கிடக்கிற நடைபாதையிலை, தலையைக் குனிஞ்சுகொண்டு, வெறுங்காலோடை அந்த மனுசி நடந்த நடையை என்னெண்டு சொல்ல! எனக்குச் சிரிப்பும் வந்துது, கோவமும் வந்துது. கோவம்தான் கூட. அங்கை வன்னியிலை ஆமிக் காம்ப் வாசல்லை செருப்பைக் கழட்டி விட்டிட்டுத்தான் நிக்கவேணுமாம். அப்பிடிப் பழகின கால். இஞ்சை வந்தும் அந்தக் கால்தானே.

ஒலிபெருக்கி இன்னும் மோசம். எங்கடை தெருவிலை மூண்டு சில்லு வண்டியிலை உருளைக்கிழங்கு விக்கிறவன் ஒருத்தன் வருவான். ஒலிபெருக்கியைப் பூட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவான். அந்தச் சத்தம் கேட்டால் போதும், மாமி தன்ரை பாஸ்போட்டையும் கடுதாசியளையும் சட்டைக்குள்ளை செருகிக்கொண்டு வாசல்லை வந்து நிப்பா. அங்கை ஒலிபெருக்கி வந்தால் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய் வரிசையிலை இருக்கவேணும். முகத்தை மூடினவன் ஒருத்தனைக் கொண்டந்து முன்னாலை நிப்பாட்டுவாங்கள். அவன் ஆருக்குத் தலையாட்டிறானோ அந்த ஆள் வீட்டை திரும்பாது.

"மாமி, உவன் கிழங்கு விக்கிறான்!" எண்டு நான் கத்துவன்.

"ஓம் பிள்ளை, விளங்குது," எண்டுவா. ஆனால் வண்டி தெருவைத் தாண்டுமட்டும் வாசலை விட்டு அசையமாட்டா.

பிறகு அந்தப் படம். கதவுக்குப் பின்னாலை ஆணி அடிச்சுக் கொழுவி வச்சிருந்தா. மீள்குடியேறின புதுசிலை ஆமிக்காரர் வீடுவீடா வந்து, குடும்பத்தை வாசல்லை நிக்கவச்சு எடுத்த படம். தறப்பாள் கொட்டிலுக்கு முன்னாலை மாமாவும் மாமியும் நிக்கினம். மூலையிலை ஒரு நம்பர். சோதினைக்கு வந்தால் படத்திலை நிக்கிற தலையையும் வீட்டிலை நிக்கிற தலையையும் எண்ணிப் பாப்பாங்களாம்.

"அதைத் தூக்கி எறியுங்கோ மாமி. ஆரும் வந்தால் என்ன நினைப்பினம்?"

"கேட்டாங்களெண்டா?"

"சீசாவிலை ஆர் வந்து கேக்கப்போறான்?"

படம் இறங்கேல்லை.

இஞ்சை எனக்கும் மடியிலை நெருப்புத்தான், சொல்லிப்போடுறன். நான் வீடு துப்பரவாக்கிற இத்தாலிக்கார அம்மா, சிஞ்ஞோரா, வாயைத் திறந்தால் "கிறீசி, வேணுகா, கிறீசி" எண்டுதான் சொல்லுவா. நெருக்கடியாம். சம்பளத்தையும் வெட்டினா, நாளையும் வெட்டினா. இவர் வுச்சீரியாச் சந்தையிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவிறார். அந்த முதலாளி வேலை தாறன், எழுத்திலை தரமாட்டன் எண்டு நிக்கிறான். எழுத்திலை வேலை இல்லையெண்டால் பெர்மெசோ, இஞ்சை இருக்கிற அனுமதி, புதுப்பிக்க ஏலாது. பெர்மெசோ இல்லையெண்டால் இவ்வளவு வருசமும் இஞ்சை மாரடிச்சதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. இந்த ஆய்க்கினைக்கு நடுவிலை, ஐப்பசி மாதம், என்ரை தம்பி வந்து சேந்தான்.

வசீகரன். எனக்கெண்டு மிச்சமிருக்கிறது அவன் ஒருத்தன்தான். அம்மாவும் அப்பாவும் கடைசிச் சண்டையிலை ஒரே பங்கருக்குள்ளை போயிட்டினம். அவனைப் பிடிச்சுப் புனர்வாழ்வு எண்டு அடைச்சு வச்சிருந்தாங்கள். விட்ட பிறகும் கிழமைக்குக் கிழமை காம்பிலை போய் ஒப்பம் வைக்கவேணும். ஒருநாள் ஒப்பம் வைக்கப்போன ரெண்டு பேர் திரும்பி வரேல்லை. அதோடை இவன் வெளிக்கிட்டிட்டான். ஏஜென்சிக்காரன் எங்கெங்கையோ சுத்திக் கொண்டந்து கத்தானியாவிலை ஒரு பெற்றோல் செட்டடியிலை இறக்கி விட்டிட்டுப் போயிட்டான். இவர் போய் பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து பாத்தால் எலும்பும் தோலுமா நிக்கிறான். "அக்கா" எண்டான். கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டம்.

கடுதாசி எண்டு சொல்ல அவனிட்டை ஒரு துண்டும் இல்லை. மேல்மாடியிலை மொறீசியஸ்காரி இவெத் இருக்கிறா. அவவின்ரை தாத்தாவின்ரை தாத்தா தமிழராம். அவவுக்குத் தமிழ் வராது, ஆனால் மனசு வரும். அவ வேலை செய்யிற வீட்டுக்காரி ஒரு சட்டத்தரணி. இவெத் கதைச்சுப்போட்டு வந்து என்ரை காதுக்குள்ளை இத்தாலியன்லை சொன்னா: "செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு வரட்டாம். அவ தானே குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, கூட்டிக்கொண்டு போய் தஞ்சம் எண்டு பதிவிப்பாவாம். அதுக்கு முதல் ரோட்டிலை பிடிபட்டால் கதை வேறையாம். திருப்பி அனுப்பிற கடுதாசியைக் குடுத்திட்டால் பிறகு இழுபறியாம். வெளியிலை விடாதை."

திருப்பி அனுப்பிறது எண்டால் கொழும்பு விமான நிலையம். அங்கை இறங்கிறவனை ஆர் வரவேற்பினம் எண்டு எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. செவ்வாய் வரைக்கும் அவனை ஒருத்தற்றை கண்ணிலையும் காட்டாமல் வச்சிருக்கோணும். அவ்வளவுதான் எங்கடை வேலை. லேசு எண்டு நினைச்சம்.

அவன் ஜன்னலைத் திறக்கமாட்டான். ஜன்னல் பலகைக் கதவின்ரை இடுக்கிலை, கீலத்துக்குள்ளாலை, ஜீப்பைப் பாத்துக்கொண்டே இருப்பான். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு டிவி பாப்பான். அந்தக் கிழமை டிவி முழுக்க லம்பெதூசாத் தீவுதான். கப்பல் எரிஞ்சு செத்த சனத்தின்ரை பெட்டியளை வரிசையா அடுக்கி வச்சுக் காட்டினாங்கள். "இதை ஏன்டா பாக்கிறாய்?" எண்டு நிப்பாட்டினன். "என்ரை பெட்டியும் எங்கையோ இருக்குமெல்லோ அக்கா," எண்டு சிரிச்சான். "வாயைக் கழுவு நாயே!" எண்டு முதுகிலை ஒண்டு போட்டன். போட்டுட்டுக் குசினிக்குள்ளை போய் அழுதன்.

மாமிக்கு அவனிலை நல்ல விருப்பம். புட்டுக்குத் தேங்காய்ப்பூவைக் கூடப் போட்டு, "சாப்பிடு ராசா" எண்டு பக்கத்திலை இருப்பா. ஆனால் பின்னேரமானால் என்னைத் துரத்தத் தொடங்குவா.

"பிள்ளை, தம்பியைப் பதிஞ்சாச்சோ?"

"இல்லை மாமி. செவ்வாய்க்கிழமை."

"வந்தவுடனை பதியோணுமெல்லோ?"

"இஞ்சை அப்பிடியில்லை."

"எனக்குப் பதிஞ்சனீங்கள்தானே?"

அது உண்மை. இத்தாலியிலை வெளிநாட்டு ஆள் ஒருத்தர் வீட்டிலை வந்து தங்கினால் ரெண்டு நாளுக்குள்ளை பொலிசிலை அறிவிக்கோணும். மாமி வந்த கையோடை நாங்கள் அவவையும் கூட்டிக்கொண்டு போய் அறிவிச்சம். அங்கை இருந்த மனுசன் மாமியைப் பேனையாலை காட்டி "ஓஸ்பித்தே?" எண்டு கேட்டது. விருந்தாளியோ எண்டு அர்த்தம். இவர் ஓம் எண்டார், சீல் குத்தித் தந்தினம். வரேக்கை மாமி அந்தச் சொல்லை வாய்க்குள்ளை சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தா. "பாத்தியே, இஞ்சையும் அங்கை மாதிரித்தான். சொல்லிப்போட்டால் பயமில்லை," எண்டு நிம்மதியா மூச்சு விட்டா. அண்டைக்கு எனக்கு அது பகிடியாக் கிடந்துது.

"மாமி, இவனுக்குக் கடுதாசி இல்லை. சொன்னால் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

"சொல்லாட்டித்தான் பிள்ளை பிடிப்பாங்கள்."

"கண்டறியாத பதிவு! வாயை வச்சுக்கொண்டு பேசாமல் இருங்கோ!"

தாய் மாதிரி மனுசிக்கு முன்னாலை நான் அப்பிடிக் கத்தியிருக்கக்கூடாது. ஆனால் பயம் வந்தால் எனக்கு வாயிலை கோவமாத்தான் வரும். இவரும் ஒருக்கா "அம்மா, இஞ்சை ஆமிக்காரன் ஒண்டும் செய்யமாட்டான், அவன் சும்மா நிக்கிறவன்" எண்டு சொல்லிப் பாத்தார். சும்மா நிக்கிற ஆமிக்காரனை மாமி தன்ரை வாழ்க்கையிலை கண்டிருந்தால்தானே நம்பிறதுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்துக் கோயில்லை ஏதோ பெருநாள். இந்த ஊரிலை கலியாணத்துக்கும் வெடி, பிள்ளை பிறந்தாலும் வெடி, மறியலாலை ஆள் வந்தாலும் வெடி. பட்டப்பகல்லை போட்டாங்கள் பாருங்கோ, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடிச்சுது. ஓடி வந்து பாத்தால் கூடத்திலை ஒருத்தரையும் காணேல்லை. மேசைக்குக் கீழை மாமியும் தம்பியும். முழங்காலுக்குள்ளை தலையை வச்சுக்கொண்டு, ஆளுக்காள் கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு. மாமி அவன்ரை தலைக்கு மேலை தன்ரை மற்றக் கையை விரிச்சு வச்சிருந்தா. செல் விழுந்தால் அந்தக் கை தாங்குமாக்கும். வெடி நிண்ட பிறகும் ரெண்டு பேரும் வெளியிலை வரேல்லை. நானும் குனிஞ்சு உள்ளை போய் இருந்தன். வேறை என்ன செய்யிறது?

அடுத்தநாள் திங்கள். இன்னும் ஒருநாள்தான். நான் வேலைக்குப் போனன். சிஞ்ஞோரா என்னைக் கண்டவுடனை முகத்தைத் தொங்கப் போட்டா. இனித் திங்கள் வேண்டாமாம், கிறீசியாம். சரியெண்டு துடைப்பத்தை வச்சிட்டு பஸ் ஏறி வந்தன். எங்கடை தெருவாலை திரும்பினன். திரும்பினவள் அப்பிடியே நிண்டன்.

ஜீப்புக்கு முன்னாலை மாமி நிக்கிறா. வெறுங்கால். செருப்பு ரெண்டும் ஜீப்புக்குப் பக்கத்திலை, சோடி பிசகாமல், கழட்டி வச்சிருக்கு. ஒரு கையிலை அந்தப் படம். மற்றக் கையிலை விரலை மடக்கி மடக்கிக் காட்டிறா. மூண்டு காட்டிறா, பிறகு நாலு. வீடு எண்டதுக்கு "காசா, காசா" எண்டு எங்கடை மாடியைக் காட்டிறா. "ஓஸ்பித்தே. ஓஸ்பித்தே." ஆமிக்காரப் பெடியன் துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டிட்டு, குனிஞ்சு படத்தைப் பாத்தான். பிறகு நிமிந்து எங்கடை ஜன்னலைப் பாத்தான். மற்றவன் ரேடியோவிலை ஏதோ கதைக்கிறான்.

மாமியை இழுத்துக்கொண்டு போகவோ, மேலை ஓடவோ? கிட்டப் போனால் அவன் என்னையும் கேப்பான். மனசுக்குள்ளை அந்த மனுசியை நான் திட்டின திட்டைக் கடவுள்தான் கேட்டிருப்பார். பாருக்குப் பின்னாலை இருக்கிற ஒழுங்கையாலை ஓடிப்போய், பின்வாசலாலை ஏறினன். படி முடியமாட்டன் எண்டு நிக்குது. கதவு திறந்தபடி கிடந்துது.

"தம்பி! வசி!"

புட்டுக் கோப்பை மேசையிலை பாதியிலை. ஜன்னல் கீலத்துக்கு நேரை கதிரை இழுத்துப் போட்டபடி. கதிரையிலை அவன்ரை போன், சிம்மைக் கழட்டிப் பக்கத்திலை வச்சிருந்தான். போனைக் கொண்டு ஓடினால் அதை வச்சுப் பிடிப்பாங்கள் எண்டு அங்கை படிச்ச படிப்பு. மொட்டைமாடிக் கதவு காத்துக்கு அடிச்சுக்கொண்டு நிண்டுது. ஓடிப்போய்ப் பாத்தன். காயப்போட்ட உடுப்பும், அன்ரெனாவும், பக்கத்து வீட்டுக் கூரையும்தான். குரலெடுத்துக் கூப்பிடவும் ஏலாது, கீழை ஆமி நிக்குது.

நான் திரும்பி வர மாமியும் வந்தா. வெயில்லை முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. ஆனால் அந்த முகத்திலை நான் ஒருநாளும் காணாத ஆறுதல்.

"சொல்லிப்போட்டன் பிள்ளை. அவன் ஒண்டும் சொல்லேல்லை, தலையாட்டினவன். இனித் தம்பிக்குப் பயமில்லை."

"என்ன செய்துபோட்டு வந்து நிக்கிறியள்?" எண்டு நான் கத்தினது மேல்மாடிக்கும் கேட்டிருக்கும். "காட்டிக் குடுத்திட்டியள்! என்ரை தம்பியைக் காட்டிக் குடுத்திட்டியள்! உங்கடை பிள்ளையெண்டால் இப்பிடிச் செய்வியளே?"

மாமி மெல்ல நிலத்திலை இருந்தா.

"என்ரை பிள்ளைக்குச் செய்யேல்லை," எண்டா. "அதாலைதான் பிள்ளை."

அப்பதான் முதல்தரம் சொன்னா. காட்டுக்குள்ளை ஒளிச்சிருந்த நிமலரூபன் ஒருநாள் பொழுதுபட வீட்டை வந்தவனாம். நெருப்புக் காய்ச்சலாம். மாமா, வீட்டிலை ஒரு ஆள் கூட எண்டு காம்பிலை போய்ச் சொல்லிப்போட்டு வாறன் எண்டு சைக்கிளை எடுத்தவராம். மாமிதான் மறிச்சவவாம். பிள்ளை நித்திரை கொள்ளட்டும், விடியச் சொல்லுவம் எண்டு. விடியிறதுக்கு முதல் வந்திட்டாங்களாம். படத்திலை ரெண்டு தலை, கொட்டிலுக்குள்ளை மூண்டு. தகப்பனையும் மகனையும் ஏத்திக்கொண்டு போனவங்களாம். மாமா பிறகு நடக்க ஏலாமல் திரும்பி வந்தார், ஒரு வருசத்திலை செத்தார். மகன் வரேல்லை.

"முதல்லை சொல்லியிருந்தால் விட்டிருப்பாங்கள் பிள்ளை. சொல்லாததாலைதான். நான்தான் மறிச்சனான்."

சொல்லியிருந்தாலும் விட்டிருக்கமாட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியும். அதை இந்த மனுசிக்கு என்னெண்டு சொல்லிறது? எனக்கு அவவை அடிக்கவேணும் போலையும் கிடந்துது, மடியிலை போட்டு அழவேணும் போலையும் கிடந்துது. ரெண்டையும் செய்யேல்லை. அந்த நேரம் வாசல்மணி அடிச்சுது.

கீழ் மணி இல்லை. எங்கடை கதவு மணி. ரெண்டு பேரும் ஆளையாள் பாத்தம். திரும்பவும் அடிச்சுது. மாமி எழும்பினா.

"திற பிள்ளை. திறக்காட்டி உடைப்பாங்கள்."

திறந்தன். அந்த ஆமிக்காரப் பெடியன். தொப்பியைக் கழட்டிக் கக்கத்திலை வச்சிருந்தான். வேர்த்து ஒழுகுது. கையிலை மாமியின்ரை செருப்புச் சோடி.

"சிஞ்ஞோரா, இதை அம்மா விட்டிட்டு வந்திட்டா," எண்டான் இத்தாலியன்லை. "தெருவெல்லாம் கண்ணாடித் துண்டு. வெறுங்காலோடை விடாதேங்கோ."

நான் கதவுப் பிடியை விடேல்லை.

"என்னவோ சொன்னா, எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. படத்தைக் காட்டினா, உங்கடை வீட்டைக் காட்டினா. சாப்பிடக் கூப்பிடுறா எண்டு நினைச்சன்." வெக்கப்பட்டுச் சிரிச்சான். "காவல் நேரம் வரேலாது எண்டு சொல்லுங்கோ. என்ரை அம்மாவும் இப்பிடித்தான், நாப்போலியிலை."

செருப்பை வாசல்லை வச்சான். படியிலை இறங்கிப் போயிட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. அந்த ரேடியோவிலை கதைச்சவன் கோப்பிக்குச் சொன்னானோ பந்தடி கேட்டானோ ஆருக்குத் தெரியும். ஒருத்தரும் எங்களைத் தேடேல்லை, ஒருத்தரும் வரேல்லை. ஆனால் என்ரை தம்பி கீலத்துக்குள்ளாலை கண்டது வேறை. ஆமிக்காரனுக்கு ஒரு ஆள் வீட்டைக் காட்டிறதையும், ஆமிக்காரன் தலையாட்டி நிமிந்து பாக்கிறதையும் தம்பி முந்தியும் கண்டவன். அதுக்குப் பிறகு நிண்டு யோசிக்கிறவன் உயிரோடை இருந்திருக்கமாட்டான்.

இவர் வேலையை விட்டிட்டு வந்து தேடினார். ஸ்ரேஷன், துறைமுகம், போர்கோ வெக்கியோ சந்தை, வாசல் திறந்து கிடந்த கோயிலெல்லாம். நான் எங்கடை ஆக்களின்ரை வீடுகளுக்குப் போனன். கதவைத் திறந்தவையும் பாதியிலை நிப்பாட்டிக்கொண்டுதான் கதைச்சினம். பலசரக்குக் கடை கோபாலசிங்கம் அண்ணை என்னைச் சாமான் அறைக்குள்ளை கூட்டிக்கொண்டு போய், "தங்கச்சி, என்னைக் கேட்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. ஊரிலை என்ரை மனுசி பிள்ளையள் இருக்கினம், ஆர் என்னத்தை ஆருக்குச் சொல்லுறாங்கள் எண்டு தெரியாது," எண்டார். அவரிலை பிழையில்லை. கடல் தாண்டி வந்தும் எங்கடை சனம் காம்புக்குப் பக்கத்திலைதான் இருக்கு.

செவ்வாய்க்கிழமை சட்டத்தரணி பாத்துக்கொண்டு இருந்திட்டுப் போனாவாம். இவெத் வந்து சொன்னா. தம்பி வரேல்லை. புதனும் வரேல்லை. போன் கதிரையிலை கிடந்தபடி.

வியாழக்கிழமை சட்டத்தரணி போனிலை சொன்னா: "தேடவேணுமெண்டால் காணேல்லை எண்டு நீங்கள் முறைப்பாடு குடுக்கவேணும். எங்கை இருந்தவர் எண்டு கேப்பினம். உங்கடை வீட்டிலை எண்டு சொல்லவேணும். ஏன் அறிவிக்கேல்லை எண்டும் கேப்பினம். அது உங்களுக்கும் பிரச்சினைதான்."

இவர் தலையிலை கையை வச்சுக்கொண்டு இருந்தார். "வேணு, பெர்மெசோ..." எண்டார். அவருக்கும் தெரியும். தம்பியைத் தொலைச்சவர் அவரும்தானே.

தம்பி கத்தானியாவிலை இறங்கின அண்டு இவர் தன்ரை போனாலை எடுத்த படம் ஒண்டு இருந்துது. அதைக் கடையிலை குடுத்துப் பெரிசா எடுத்தன். கண்ணை இடுக்கிக்கொண்டு, சிரிக்கவோ வேண்டாமோ எண்டு நிக்கிறான். முறைப்பாடு குடுக்கக் குவெஸ்தூராவுக்குப் போகமுதல் மூலையிலை நிக்கிற பெடியளைக் கேப்பம் எண்டு நினைச்சன். திங்கள் முழுக்க அதிலை நிண்டவங்கள், அவன் எந்தப் பக்கத்தாலை இறங்கி ஓடினான் எண்டு கண்டிருக்கலாம்.

"நானும் வாறன்," எண்டா மாமி. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவ வாய் திறந்து சொன்ன முதல் சொல் அது. வேண்டாம் எண்டு சொல்ல எனக்குச் சக்தியில்லை.

மூலைக்குப் போனம். அதே பெடியன்தான் நிண்டான். மாமியைக் கண்டவுடனை சிரிச்சான். இவ்வளவு வருசமும் சந்தையிலை சண்டை பிடிச்ச இத்தாலியன், சிஞ்ஞோராவோடை வாதாடின இத்தாலியன், ஒண்டும் வரேல்லை. படத்தை அவன்ரை பக்கம் நீட்டினன்.

மாமி என்ரை கையைப் பிடிச்சா.

"நீட்டாதை பிள்ளை. நீட்டினால் வாங்கிக்கொண்டு போயிடுவாங்கள், திருப்பித் தரமாட்டாங்கள். நெஞ்சோடை வச்சுப் பிடி. ரெண்டு கையாலையும்."

பிடிச்சன். அவ என்ரை விரலை ஒவ்வொண்டாப் படத்தின்ரை ஓரத்துக்கு நகத்தி வச்சா, அவன்ரை முகம் மறையாமல். எத்தினை காம்ப் வாசல்லை இப்பிடி நிண்டிருப்பா இந்த மனுசி. பெடியன்ரை சிரிப்பு நிண்டுபோச்சுது. அவன் என்ரை முகத்தைப் பாத்தான், படத்தைப் பாத்தான், பிறகு என்ரை காலைப் பாத்தான். நானும் குனிஞ்சு பாத்தன். என்ரை செருப்பு ரெண்டும் பக்கத்திலை கழட்டிக் கிடந்துது. எப்ப கழட்டினன் எண்டு எனக்குத் தெரியாது.

"ஓஸ்பித்தே," எண்டன் அவனுக்கு. "எங்கடை வீட்டிலை இருந்தவன். என்ரை தம்பி."